கவுன் பத்தலை

"அம்மா, இவளுக்குப் போன வாரம் தைச்ச கவுன் இன்னிக்குப் பத்தலை."

தில்லியில் மயூர் விஹார் போகும் மெட்ரோவில் எதிர் சீட்டில் ஒரு அம்மாவும் பெண்ணும். பெண்ணின் கையில் ஒரு பழைய வீடியோ கேம். திரையில் இருக்கும் பொம்மைக்கு உடை தைத்துப் போட்டுப் பார்க்கலாம். காதைப் பொத்திக்கொண்டு உட்காரும் பழக்கம் எனக்கில்லை.

"உள்ளே துணி விட்டுத் தைக்கணும்டி," என்றாள் அம்மா, மொபைலைப் பார்த்தபடியே.

"விட்டேன். அதையும் பிரிச்சாச்சு. இன்னும் வளர்றா."

"பொம்மை வளருமா? பேசாம விளையாடு."

"பொம்மை இல்லம்மா, தீபா அக்கா. மாடி ஆன்ட்டி தன் பொண்ணோடதுன்னு இதை எனக்குக் கொடுத்தப்பவே, அக்கா தன் பேர்ல பண்ணின பொண்ணு உள்ளே இருந்தா. அப்ப என் உயரம். இப்ப உன் உயரம்."

அம்மா மொபைலை மடியில் வைத்தாள்.

"செத்துப்போனவளைப் பத்தி ஆன்ட்டிகிட்ட இப்படியெல்லாம் பேசாதே, அச்சா?"

"பேசலை. ஆனா இன்னிக்கு அவ பாவாடை கேக்கறா. ஆன்ட்டியோட மெரூன் பட்டுப்புடவையை வெட்டித் தைக்கணுமாம். ஆன்ட்டிகிட்ட அப்படி ஒண்ணு இருக்கா?"

அம்மா வீடியோ கேமைப் பிடுங்கி அணைத்துப் பையில் போட்டாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இருந்தது. அதைப் போர்த்தித்தான் தீபாவை எடுத்துட்டுப் போனாங்க. நீ அப்ப தில்லியிலேயே இல்லையேடி."