வேகாத மாப்பிள்ளை விருந்து

சகோதரிகளே, பேச்சை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு உங்களை ஒரு வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன், சின்னக் கதைதான்.

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, பெயர் ஜெயசீலி. வீட்டுக்காரர் ஞானசிகாமணி. ஒரே மகள் பிரிசில்லா. அந்த மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டெரிக் என்கிற ஆங்கிலோ இந்தியப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அன்றோடு அப்பா மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு வருஷமா? மூன்று வருஷம்! மாப்பிள்ளை விருந்தும் நடக்கவில்லை. மகளைக் கட்டினவனுக்கு ஒரு நாள்கூட இலை போடாத வீடு என்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

அந்த நேரம் பார்த்து டெரிக்குக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. அடுத்த வாரம் பயணம். மகள் போன் பண்ணினாள். "சனிக்கிழமை வர்றோம்மா. ஒரு மணிக்கு வந்துட்டு மூணு மணிக்குக் கிளம்பிடுவோம்."

இரண்டே மணி நேரம்... அதை விட்டால் இனி எந்தக் காலத்திலோ!

ஜெயசீலி ஒரு முடிவு எடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் பண்டிகைக்குச் செய்கிற ஹாம்தான் விருந்து. உப்பில் ஊறின பன்றித் தொடை, மேலே வெல்லப்பாகு பூசினால் கண்ணாடி மாதிரி மினுங்கும். பக்கத்து வீட்டில் ஸ்லோ குக்கர் இரவல் வாங்கினார். அது நம் குக்கர் மாதிரி விசில் அடிக்காது. மின்சாரத்தில், மெதுவாக... மெதுவாக... ஏழு மணி நேரம் வேகும். கொடுத்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மூடிய மட்டும் திறக்காதீங்க. ஒரு தடவ திறந்தா அரை மணி நேரச் சூடு போச்சு."

வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அவன் வீட்டுப் பண்டம் நம்ம வீட்ல வேகாது சீலி. எனக்கு ரசம் வச்சிடு. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூடியைப் போட்டாயிற்று. அன்றைக்கு மலையெல்லாம் மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே மரம் இல்லை, ரோடு இல்லை, எல்லாம் வெள்ளை. உள்ளே, அந்தக் கண்ணாடி மூடிக்கு அடியிலும் வெள்ளை ஆவி. கிராம்பு வாசனையும் அன்னாசி வாசனையும் மெல்ல எழுந்து... ஹாலுக்கு வந்து, திரைச்சீலையில் கொஞ்ச நேரம் தங்கி, மூன்று வருஷமாகச் சாத்திக் கிடந்த மகளுடைய அறைக்குள் நுழைந்ததாம். ஜெயசீலிக்கு வீடே மேகத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. மகள் அறைக் கட்டிலோரம் முழங்காலில் நின்றார். "ஆண்டவரே, இந்த ரெண்டு மணி நேரத்த நீரே நடத்தும்..." ஜெபம் எங்கே முடிந்தது, தூக்கம் எங்கே தொடங்கியது, தெரியவில்லை. கனவில் பிரிசில்லா மூன்று வயதுப் பிள்ளையாக அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நாம் யார்? குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்காமல் நமக்கு இருப்புக் கொள்ளுமா? எழுந்தவர் ஒரு தடவை திறந்துவிட்டார். பாகு பூச இன்னொரு தடவை. அவ்வளவுதான்.

ஒரு மணி. வந்தார்கள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நின்றாள். அப்பா? பேப்பரை இறக்கவில்லை.

ஜெயசீலி கத்தியை வைத்தார். மேலே இறங்கின கத்தி எலும்பு பக்கத்தில் நின்றுவிட்டது. உள்ளே பச்சை!

டெரிக் எட்டிப் பார்த்தான். "ஆன்ட்டி... எத்தன தடவ திறந்தீங்க?"

"ரெண்டே ரெண்டு தடவப்பா. சத்தியமா!"

"ரெண்டு தடவைக்கு இவ்வளவு ஆகாதே? எங்க அம்மாவே மூணு தடவ திறப்பாங்க."

ஜெயசீலி கண்ணில் தண்ணீர். மூன்று வருஷம் காத்திருந்து போடுகிற இலை... அது காலி இலையா?

அப்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நாலு தடவ நான் திறந்தேன்."

"அப்பா!" என்றாள் மகள்.

"என்ன அப்பா? உங்கம்மா கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ணிட்டு இருந்தா. வேகுதா இல்லையான்னு யாராவது பாக்க வேண்டாமா? அந்தப் பையன் வீட்டுச் சாப்பாடு, நம்ம வீட்ல கெட்டுப்போச்சுன்னா... அவ்வளவு தூரம் போயி நம்மளப் பத்தி என்ன நினைப்பான்?"

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம் ஆகும் அங்கிள்."

ஞானசிகாமணி மகளைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் நேராக முகத்தைப் பார்த்தார். "வண்டிக்காரர ஏழு மணிக்கு வரச் சொல்லு. அதுவரைக்கும் பசி தாங்க மாட்ட நீ. ரசம் இருக்கு, வா, ரெண்டு வாய் சாப்பிடு."

சகோதரிகளே, இதைக் கேளுங்கள். ஜெயசீலி முழங்காலில் நின்ற அந்த நேரத்திலேயே, அவர் கேட்ட பதில் வெறுங்காலோடு அந்த அறையைத் தாண்டிச் சமையலறைக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை இல்லை... நாலு தடவை! கண் மூடியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. நமக்கும் அப்படித்தான் தெரியாமல் போகிறது.

உங்கள் வீட்டில் பேசாமல் இருக்கிறவர் யார்? தம்பியா? நாத்தனாரா? "அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று அவர் சொன்ன வார்த்தையை எத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வார்த்தையை விடுங்கள். அவர் கால் எந்தப் பக்கம் நடக்கிறது, அதைப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்குப் பரீட்சை எப்படிப் போனது என்று அடுத்தவர் வாயால் விசாரித்தாரா? தெருமுனையில் உங்களைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாரா? அதுதான் பதில். ஜெபம் பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆமென் சொன்னதும் கண்ணைத் திறங்கள். திறந்து, எழுந்து போய், அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.