சொட்டு நிற்க வேண்டும்

"மாமா, எல்லா வூட்டுலயும் தண்ணி ஒழுவணும்னு சாமிகிட்ட வேண்டிக்குவீங்களா?" என்று ஒரு குழந்தை என்னைக் கேட்டது. லீலாவதி டீச்சர் வீட்டுப் பெண், ஆறு வயது இருக்கும். நான் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அது தரையில் கன்னத்தை வைத்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. டீச்சர் அதட்டினார்கள். நான் சிரித்துவிட்டேன்.

"இல்ல கண்ணு. எந்த வூட்டுலயும் ஒழுவக் கூடாதுன்னுதான் வேண்டிக்குவேன்" என்றேன். அது பொய் இல்லை.

என் பெயர் அரியமுத்து. பெரம்பலூரில் இருபத்துமூன்று வருடங்களாக பிளம்பர் வேலை செய்கிறேன். திங்கள், வெள்ளி இரண்டு நாளும் சிறுவாச்சூர் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பையைத் தூக்குவேன். ஆண் துணை இல்லாத வீடுகளில் வாஷர் மாற்றினால் கூலி வாங்க மாட்டேன். நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. இனி சொல்லப்போவதை, கோபக்காரன் ஒருவன் கை தவறிச் செய்துவிட்டான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கோபக்காரன் இல்லை. என் கை தவறுவதும் இல்லை.

எங்கள் தொழிலில் கஷ்டம் உடைந்த குழாய் இல்லை. வீட்டுக்காரர் ஏற்கெனவே சரிசெய்த குழாய்தான். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருப்பார்கள். கோயில் கயிற்றைக் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் பையை உருக்கி ஊற்றியிருப்பார்கள். ஈரக் குழாயில் பசை தடவி, ஒட்டவில்லையே என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். ஆண்டிமடத்தில் ஒரு முந்திரித் தோட்டக்காரர், மரத்தில் வடிந்த பிசினைச் சுரண்டி வந்து ஜாயின்ட்டில் அப்பியிருந்தார். பிசின் தண்ணீரில் கரையும் என்று அந்த மனிதருக்குத் தெரியும். குழாய்க்குள் ஓடுவதும் தண்ணீர்தான் என்பது மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. இவர்கள் பல் வலித்தால் டாக்டரிடம் போகிறார்கள். முடி வெட்டக் கடைக்குப் போகிறார்கள். குழாய் என்றால் மட்டும் ஒரு ஸ்பேனரும் செல்போனில் பார்த்த வீடியோவும் போதும். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு நம்மைக் கூப்பிட்டு, "சின்ன வேலதாம்ப்பா" என்பார்கள்.

இவர்களில் முதல் ஆள் காசிநாதன் சார். துறைமங்கலத்தில் சொந்த வீடு. பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கும் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் நிற்பவன் டிக்கெட் எடுக்காதவன் என்று நினைத்தே முப்பது வருடம் வாழ்ந்தவர். வேலை முடிந்து நான் கிளம்பும்போது பையைத் திறக்கச் சொல்வார். ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்ப்பார்.

"தப்பா நெனைக்காதப்பா, பழக்கதோசம்" என்பார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் மனைவி அனுசுயா அம்மாதான் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஜாயின்ட் போட்டாலும் பக்கத்துக் குழாயில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிடுவேன். பத்து வருடம் கழித்துப் போனாலும் என் வேலை எது என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் தேதி எழுதுகிறவன் நான் ஒருவன்தான். என் தேதிக்குப் பக்கத்தில் ஒரு துளி ஈரம் இருந்ததில்லை.

காசிநாதன் சார் மொட்டை மாடியில் நான் போட்ட ஒரு வளைவை அறுத்து எடுத்தார். எதற்கு என்று கேட்டால், தண்ணீர் வேகம் போதவில்லையாம். அவரே வேறு ஒன்றை வைத்து ஒட்டினார். அது ஒழுகிச் சுவரெல்லாம் பாசி பிடித்தது. பக்கத்துக் குழாயில் என் தேதி மட்டும் அப்படியே இருந்தது. அந்தச் சமயத்தில் கருப்பண்ணன் என்பவர் நான்கு ரோடு பக்கம் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். மொத்த வேலையும் எனக்கு என்று வாய்ப்பேச்சாக முடிந்திருந்தது. காசிநாதன் சார் அவரை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

"பாருங்க, அரியமுத்து வேல. அவன் கையெழுத்துதானே? நாலு மாசம் தாங்கல."

வேலை திருச்சிக்காரர்களுக்குப் போயிற்று. அது போனால் போகட்டும். டீக்கடையில் ஒருவன், "என்னண்ணே, இப்பல்லாம் தேதி போட்டு ஒழுக வுடுறீங்களாமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு மாலையே நான் காசிநாதன் சார் வீட்டுக்குப் போய், மாடியில் இருந்த அந்தத் தேதியைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து அழித்துவிட்டு வந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுப் புரிகிற ஆள் இல்லை அவர்.

தை மாதம் அவரே கூப்பிட்டார்.

"ஹீட்டர்ல சொட்டுதுப்பா. நானே அடைச்சுட்டேன். இன்னும் லேசா கசியுது. வந்து பாரு."

பாத்ரூம் ஹீட்டரின் அடியில் பித்தளையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். உள்ளே போன தண்ணீர் திரும்பி வர அது விடாது. தண்ணீர் அதிகமாகக் கொதித்து அழுத்தம் ஏறினால் மட்டும் பக்கத்து ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டுவிடும். அது சொட்டுவதற்கென்றே வைத்தது. சொட்டினால் வீடு தப்பிக்கும். இந்தச் சுண்ணாம்பு மண்ணின் தண்ணீரில் ஹீட்டருக்குள் உப்புப் படியும். சூடு ஏறியதும் கரண்டைத் தானாக நிறுத்த வேண்டிய பாகமும் அதில் சிக்கிக்கொள்ளும். அப்போது வீட்டுக்கு மிச்சம் இருப்பது அந்த ஓட்டை ஒன்றுதான்.

அந்த ஓட்டையில் அவர் பால்பாயின்ட் பேனாவின் மூடியைச் செருகி, மேலே எம்சீல் பசையைப் பிசைந்து அப்பியிருந்தார். கட்டைவிரல் ரேகை தெரிந்தது.

அனுசுயா அம்மா வாசலில் நின்று, "தம்பி, அந்தச் செவப்பு லைட்டு அணைய மாட்டேங்குது. தண்ணி தளதளன்னு கொதிக்குது. நாந்தான் பாத்துப் பாத்து அணைக்கிறேன்" என்றார்கள்.

நான், "சார், இந்த வால்வு..." என்று ஆரம்பித்தேன்.

"பாடம் நடத்தாதப்பா. சொட்டு நிக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அவர் செய்திருந்த வேலை மோசமான வேலை. மூடிக்கும் ஓட்டைக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. அதனால் தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவுதான் அதுவரை அந்த வீட்டைக் காப்பாற்றியிருந்தது. அவர் வேலை தெரியாதவர் என்பதால் அவர் குடும்பம் உயிரோடு இருந்தது. எனக்கு வேலை தெரியும்.

அவர் ஹாலுக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் மெயின் வால்வை மூடினேன். பேனா மூடியைப் பிடுங்கி எடுத்தேன். அந்த ஓட்டையில் உள்மரை இருக்கும். டேப்பைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, இரும்பு அடைப்பு ஒன்றை அதில் முறுக்கி ஏற்றினேன். அவ்வளவு சுத்தமாக நான் எங்கும் இறுக்கியதில்லை. பிறகு பையிலிருந்த எம்சீலைப் பிசைந்து அதன் மேல் அப்பினேன். அவர் அப்பியது போலவே, கோணலாக, கட்டைவிரலால் அழுத்தி. அன்றைக்குத் தேதி எழுதவில்லை. மாடியில் என் தேதிக்குப் பக்கத்தில் அவர் வேலை இருந்தது. இங்கே அவர் பூச்சுக்கு அடியில் என் வேலை இருந்தது.

அவர் வந்து விரலால் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை.

"இதத்தானே நானும் செஞ்சேன்" என்றார்.

"ஆமா சார். நீங்க செஞ்சதுதான்" என்றேன்.

வழக்கம் போலப் பையைச் சோதித்தார். அன்றைக்கு அனுசுயா அம்மா உள்ளே போகவில்லை. "போதும், வுடுங்க" என்று அவரிடமிருந்து பையை வாங்கி, ஜிப்பை இழுத்து மூடி, கேட் வரைக்கும் அவர்களே தூக்கி வந்தார்கள். இருபது கிலோ இருக்கும். அவர்களுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். நான் வாங்கப் போனதற்கு, "பரவால்ல தம்பி, இன்னிக்காவது நான் தூக்கிட்டு வரேன்" என்றார்கள். வண்டியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கி நின்றார்கள். எனக்கு மனசு நெகிழ்ந்தது. அது உண்மை. திரும்பிப் போய் அந்த அடைப்பைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்ததும் உண்மை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பாத்ரூமில் யாரும் இல்லாத நேரத்தில் வெடிக்க வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். சுவர் விரியட்டும், ஓடு உதிரட்டும், அந்த மனிதர் ஒருமுறை பயப்படட்டும் என்றுதான் நினைத்தேன். தினமும் அந்தத் தெரு வழியாகப் போனேன். வீடு அப்படியே இருந்தது. அந்த அம்மா கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். "சாப்டீங்களா தம்பி" என்பார்கள். "ஆச்சும்மா" என்பேன்.

மாசி பிறந்து மூன்றாம் நாள் காலையில் வெடித்தது. சிவப்பு லைட்டை அணைக்க அனுசுயா அம்மா உள்ளே போயிருக்கிறார்கள். காசிநாதன் சார் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவு எதிர்ச் சுவர் வரைக்கும் போய் விழுந்திருந்தது. எனக்குப் போன் வந்து நான் போனபோது வீடெல்லாம் தண்ணீர். கூடி நின்றவர்களில் யாருக்கும் மெயின் வால்வு எங்கே என்று தெரியவில்லை. நான் போய் மூடினேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு பக்கம் நான் பிடித்தேன். திருச்சி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விசாரிக்க வந்தவர்கள் உடைந்த துண்டைப் பார்த்தார்கள். எம்சீல் தெரிந்தது. "யார் அடைச்சது?" என்றார்கள். "நான்தான்" என்று காசிநாதன் சாரே சொன்னார். பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்கள் சுரண்டிப் பார்க்கவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"அரியமுத்து, நீ தொழில் தெரிஞ்சவன். மறைக்காம சொல்லு. நான் அந்த ஓட்டைய அடைச்சதாலதானே அவ போனா?"

அவர் முகத்தில் இருந்தது கேள்வி இல்லை. வேறு ஏதாவது சொல்லிவிடேன் என்ற கெஞ்சல். ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்று இரவு தூங்கியிருப்பார்.

"சொட்டணும்னுதான் சார் அத வச்சிருக்கான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நீ சொல்ல வந்த. நாந்தான் கேக்கல" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை உருவவில்லை. ஆறுதலாக முதுகில் தட்டிக்கொடுத்தேன். இப்போது அவர் எந்தக் குழாயையும் தொடுவதில்லை. முகம் கழுவக்கூட யாராவது திறந்துவிட வேண்டும் என்று மகள் கவிதா சொல்கிறாள். இருபத்துமூன்று வருடத்தில் நான் யாருக்கும் புரியவைக்க முடியாத ஒன்றை அவர் புரிந்துகொண்டார். மற்ற வீட்டுக்காரர்களுக்கும் இந்தச் செய்தி போயிருக்கிறது. சின்னக் கசிவுக்கும் இப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த அம்மாவை நினைத்தால் மட்டும் மனசு அடங்கவில்லை. யாருடைய பையையும் சுமக்க வேண்டிய அவசியம் இல்லாத பெண், என் பையைச் சுமந்தார்கள். அதைத் திருப்பிச் செலுத்தாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

கவிதா அப்பாவை அரியலூரில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு புதன்கிழமை முற்பகலில் பின்பக்கச் சுவர் ஏறி உள்ளே போனேன். தெருவில் யாரும் இல்லை. கொல்லையில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துக் குழாய் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருந்தது. முழங்கால் முடியாதவர்களால் அதில் ஒரு குடம் பிடிக்க முடியாது. அதை வெட்டி எடுத்தேன். இடுப்பு உயரத்துக்குப் புதுக்குழாய் ஏற்றி, சுவரில் கிளிப் அடித்து, நல்ல பித்தளைக் குழாயாகப் பொருத்தினேன். குடம் வைக்கக் கல் ஒன்றை நகர்த்திப் போட்டேன். கீழே விழுந்த தூளையெல்லாம் பெருக்கி அள்ளினேன். திறந்து பார்த்தேன், மூடினேன். சாமி கும்பிட்டு வந்த நாளைப் போல உடம்பு லேசாக இருந்தது.

நான் பட்ட கடன் தீர்ந்தது. இனிமேல் அந்த அம்மா குனிய வேண்டியதில்லை.