தோற்றம் தெரியவில்லை

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் அகராதி அலுவலகத்து டீயைக் குடித்துப் பழகியவனுக்கு இது அமிர்தம். வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். எழுத்துப்பிழை வந்தால் கடைசியில் நானே திருத்தித் தருகிறேன்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். எங்கள் ஆங்கிலம்-தமிழ் அகராதியில் சொற்களுக்குப் பொருள் எழுதுவது நான். அவை எங்கிருந்து வந்தன என்று எழுதுவது மாப்பிள்ளை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். துளி சந்தேகம் வந்தாலும் 'தோற்றம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார். அலுவலகத்தில் அவருக்குத் 'தெரியலை' என்றே பட்டப்பெயர்.

சண்டை வந்தது 'குவாம்' (qualm) என்ற சொல்லால். நாம் செய்வது சரிதானா என்று மனதுக்குள் சின்னதாக ஓர் உறுத்தல் வருமே, அதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். முன்பு அதற்குத் திடீர்க் குமட்டல் என்று பொருள். இன்னும் பின்னால் போனால், பழைய ஆங்கிலத்தில் அதே சாயலில் ஒரு சொல் இருக்கிறது. சாவு, கொள்ளைநோய் என்று பொருள். சாவு தேய்ந்து குமட்டலாகி, குமட்டல் தேய்ந்து உறுத்தலானது என்று எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது.

மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "முகஜாடை இருக்குன்னு சொந்தம் கொண்டாட முடியுமா மச்சான்? நடுவுல பல நூறு வருஷத்துக்குச் சாட்சியே இல்ல. சாவு எங்க, உறுத்தல் எங்க?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். தட்டச்சு செய்யும் பெண்கூடச் சிரித்தாள். நான் கோபப்படவில்லை. ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன் நான். ஆனால் தப்பான ஒரு வரி அச்சேறுவதை மட்டும் என் மனசாட்சி தாங்காது.

சாட்சிதானே கேட்டார். காகித அறையில் எலிக்கு வைத்த மருந்தில் மிச்சம் இருந்தது.

மறுநாள் அவர் மேசையில் நானே டீயைக் கொண்டுபோய் வைத்தேன். "மனசே சரியில்ல மச்சான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"ஆறிப்போறதுக்குள்ள முதல்ல குடிங்க," என்றேன்.

குடித்தார். கொஞ்ச நேரத்தில் குமட்டல் வந்தது. பிறகு எல்லாம் வரிசைப்படி நடந்தது. அந்தச் சொல் வந்த வழியில் அவரைத் திரும்ப நடத்திக் கூட்டிப்போனேன், அவ்வளவுதான். "இப்பத் தொடர்பு தெரியுதா மாப்பிள்ளை?" என்று காதருகே குனிந்து கேட்டேன். தலையாட்டினார் என்றுதான் நினைக்கிறேன். தங்கை ரொம்ப அழுதாள். சின்ன வயதிலிருந்தே அவள் தொட்டதற்கெல்லாம் அழுவாள்.

இது என்ன தாள், ஐயா? அவர் மேசை இழுப்பறையில் கிடைத்ததா? கொடுங்கள். அவர் கையெழுத்துதான். 'தெரியவில்லை' என்பதை அடித்திருக்கிறார். மேலே, 'சாவைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்திருக்கலாம். மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது.' கீழே எடுத்துக்காட்டு வாக்கியம்: 'வேலை வாங்கிக் கொடுத்தவரை எல்லார் முன்னாலும் கேலி செய்துவிட்டேனே என்ற உறுத்தல் என்னைத் தூங்கவிடவில்லை.'

வாக்கியம் கொஞ்சம் நீளம். 'எல்லார் முன்னாலும்' என்பதை வெட்டிவிடலாம்.

அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், ஐயா. வயிற்றைப் புரட்டுகிறது. உங்கள் டீயில்தான் ஏதோ கோளாறு.