மாத்திரைக்குள் இருந்த கடல்

சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம், இல்லையா... பயிற்சியின் இந்த இடத்தில், ஆலோசகர்களே, உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லிவிட்டு மேலே போகிறேன். வெளியே வைத்திருக்கிற தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கடலோரத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே ரோசாலி என்று ஒரு நர்ஸ். இருபது வருட சர்வீஸ். ஒருநாள் காலையில் ஒரு நோயாளிக்கு இரத்தம் எடுத்தார். எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போட்டார். போடக்கூடாது. உங்களுக்குத் தெரியும், ரோசாலிக்கும் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவேண்டுமே... பழகிய கை, தானாக மூடியைத் தேடிப் போய்விட்டது. இடது பெருவிரலில் ஒரு குத்து. கடுகளவு இரத்தம்.

அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தது.

ரோசாலி விரலைப் பிதுக்கவில்லை, ஸ்பிரிட் ஊற்றவில்லை; இரண்டும் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவினார். நேரே, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்துக்குப் போனார். அங்கே ஆலோசகர் கோமதி, மகள் வயதுப் பெண். டாக்டர் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள், தொற்றைத் தடுக்கிற முதல் மாத்திரை உள்ளே போய்விட்டது.

"இருபத்தெட்டு நாள், சிஸ்டர். ஒரு நாள்கூட விடக்கூடாது. குமட்டும், தலை வலிக்கும், போகப்போகச் சரியாயிரும்."

எல்லாம் சரியாகச் சொன்னார் கோமதி. எல்லாம்... ஒன்றைத் தவிர.

மூன்றாம் நாள் ரோசாலியின் தூக்கத்தில், வார்டுக்குள் கடல் வந்தது. சத்தமே இல்லாத பச்சைக் கடல். கட்டில்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழும்பி, வள்ளங்களைப் போல அசைந்து அசைந்து வாசலைத் தாண்டிப் போகின்றன. குளுக்கோஸ் பாட்டில்களுக்குள் சின்னச் சின்ன வெள்ளி மீன்கள். கடைசிக் கட்டிலில் ரோசாலியே படுத்திருக்கிறார். அவருடைய பெருவிரலிலிருந்து ஒரு சிவப்பு நூல்... நீண்டு... நீண்டு... தண்ணீருக்குள் இறங்குகிறது. அடியில் யாரோ அதை மெல்லச் சுண்டுகிறார்கள்.

மறுநாளும் கடல். அதற்கு மறுநாளும் கடல். அதே பச்சை, அதே நூல்.

கணவர் கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கேலிக்காரர். "குடுத்துவச்சவ நீ! டிக்கெட் எடுக்காம தெனம் ஒரு கலர் படம் பாக்கே. என் கனவுல கண்டெய்னர்தான் வருது" என்றார். ரோசாலியும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு மாத்திரை போடவில்லை.

காலையில் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கோமதியின் மேசையில் வைத்தார்.

"இத எடுத்து உள்ள வச்சிரும்மா. வேற யாருக்காச்சும் ஆகும்."

"ஏன் சிஸ்டர்? வாந்தியா?"

"வாந்தின்னா வாந்தின்னு சொல்ல மாட்டேனா? நான் என்ன நேத்து வந்த ஸ்டூடண்ட்டா?"

"பின்ன என்ன?"

ரோசாலி கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது. "அது உள்ள போயிட்டும்மா... மூளைக்கு ஏறிட்டு. தெனம் கடல் வருது. நூலப் புடிச்சி இழுக்கு. இனிமே மாத்திரை என்னத்துக்கு?"

நினைத்துப் பாருங்கள். வேறொருவர் இப்படி வந்து சொன்னால், "அஞ்சு நாள்ல எந்தக் கிருமி மூளைக்கு ஏறும்?" என்று அதட்டி அனுப்புகிறவர் இவர். தனக்கே பயம் வந்தபோது, படித்த படிப்பு பக்கத்தில் வந்து நின்றதா? நிற்கவில்லை.

கோமதி சிரித்தாரா? இல்லை. "பயப்படாதீங்க" என்றாவது சொன்னாரா? அதுவும் இல்லை.

"என்ன கலர் கடல், சிஸ்டர்?" என்று கேட்டார்.

"...பச்சை."

"மாத்திரை எப்ப போடுறீங்க?"

"ராத்திரி. சாப்பிட்டு, படுக்கப் போகையில."

"அந்தக் கடல் கிருமியில இருந்து வரல சிஸ்டர். இந்த டப்பாவுல இருந்து வருது. இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிக் கனவு குடுக்கும். சொன்னா பயந்துருவீங்கன்னு நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

ரோசாலி அந்த டப்பாவைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்: "முன்னாலயே சொல்லியிருந்தா, தூண்டிலோட படுத்திருப்பேனேட்டி!"

டாக்டரைக் கேட்டார்கள். விட்டுப்போன மாத்திரையை அங்கேயே, கோமதியின் பாட்டில் தண்ணீரில் விழுங்கினார். கனவு குறையட்டும் என்று, மறுநாளிலிருந்து காலை இட்லிக்குப் பிறகு மாத்திரை. கடல் உடனே வற்றிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கியது. டப்பா காலியானது. மாதங்கள் போயின. கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை.

முடிவைக் கையில் வாங்கிய ரோசாலி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தாராம். "ஏட்டி கோமதி... அந்த மீனுங்க மட்டும் இன்னொரு தடவ வந்தா நல்லாருக்கும்."

ஆலோசகர்களே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்கள் எதிரே வந்து உட்காருகிறவர் நர்ஸ், டாக்டர், லேப் டெக்னீஷியன். 'இவருக்குத் தெரியாததா' என்றோ, 'சொன்னால் பயந்துவிடுவார்' என்றோ நாம் பாதியை விழுங்கிவிடுகிறோம். ஊசி குத்திய நிமிடத்திலிருந்து அவர் பயந்துபோன ஒரு மனுஷி... ஒரு மனுஷன். வாந்தியைச் சொல்கிறீர்கள், தலைவலியைச் சொல்கிறீர்கள். கனவையும் சொல்லுங்கள். நாலு நாள் கழித்துக் கூப்பிடும்போது, "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும். "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

கடல் வந்தது என்று ஒருவர் சொன்னால்... சிரித்துவிடாதீர்கள்.

என்ன கலர் என்று கேளுங்கள்.