கடைவாய்ப் பல்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் காகிதத்தை மடித்து வைத்தால் ஆடாது. எனக்காகச் சொல்லவில்லை, எனக்கு எப்படியும் ஓரிடத்தில் உட்கார வராது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நடந்துகொண்டே சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தில் என் வேலை மீன் பற்கள். கல்லாகிப்போன மீன்களின் பற்கள். இளவயதில் ஒரே ஒரு பல்லை வைத்து ஒரு புது மீனுக்குப் பெயர் வைத்தேன். நுனி முறுக்கிய அப்படியொரு பல் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. இன்றும் வாசல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஓவியர் கற்பனையாக வரைந்த முழு மீன். என் பதவி, மரியாதை, மாமனார் வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்தது, எல்லாம் அந்தப் பல் போட்ட பிச்சை.

பேக்கரிக்காரர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ரொட்டி சுட்டு முடித்ததும் கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு, கைவிட்ட குவாரிக்குப் போய்க் கல் பொறுக்குவார். கிடைத்ததை பிஸ்கட் டப்பாவில் போட்டு என்னிடம் கொண்டுவருவார். பெரும்பாலும் கூழாங்கல்தான். போன மாதம் கொண்டுவந்தது கூழாங்கல் இல்லை.

“இது எந்த மீன்னு சொல்லுங்க சார். எந்தப் புத்தகத்துலயும் ஒத்து வரல.”

லென்ஸை வைத்துப் பார்த்தேன். வேரும் அடிப்பாகமும் அந்தக் குவாரியில் அள்ள அள்ளக் கிடைக்கும் சாதாரணச் சுறாவினுடையது. நுனி மட்டும் என் மீனைப் போல லேசாக முறுக்கியிருந்தது. நம் வாயில் முன்பல் ஒரு மாதிரி, கடைவாய்ப் பல் வேறு மாதிரி இருக்கிறதல்லவா? சுறாவுக்கும் அப்படித்தான். இவர் கொண்டுவந்தது இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பல். அப்படியென்றால் என் மீன் என்று ஒன்று இருந்ததே இல்லை. சாதாரணச் சுறாவின் கடைவாய்ப் பல்லுக்குப் பெயர் வைத்து இத்தனை காலம் நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

பார்த்துச் சொல்கிறேன் என்று பல்லை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு வீட்டுக்குள் சுற்றினேன். “கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உக்காந்து சாப்பிடுங்களேன்” என்றாள் மனைவி. பல்லைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம். அவர் கோபப்பட மாட்டார். போய் இன்னொன்று எடுத்து வருவார். அதுதான் தொல்லை. அடுத்தது கிடைத்தால் வேறு அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதாகவும் சொன்னார், என்னைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று.

இடத்தைப் பார்க்க வேண்டுமென்று அவரோடு குவாரிக்குப் போனேன். அவர் தோண்டிய குழிக்கு மேலே பாறை முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. மேலே ஏறினேன். விளிம்புக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே மழைத் தண்ணீர் நின்றது. இறங்கி வந்து, பாறை நல்ல கெட்டி என்றேன்.

“ஒரு பல்லை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதே அடுக்குல இன்னொண்ணு கிடைச்சா புது மீன்னு அறிவிச்சிடலாம். நல்லா உள்ள தள்ளித் தோண்டிப் பாருங்க.”

“பேரு நான் சொல்லலாமா சார்?”

“தாராளமா.”

“எங்க வீட்டுக்காரம்மா பேரு வைக்கணும். கல்லையே கட்டிக்கிட்டு அழுங்கன்னு தினம் திட்டுறா. இனிமே எப்படித் திட்டுவான்னு பாக்கறேன்.”

சேர்ந்து சிரித்தோம். அந்த நிமிஷம் அவர்மேல் பொறாமையாக இருந்தது.

நான் அவரைத் தள்ளவில்லை. நான் அங்கே இல்லவே இல்லை. மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மறுபடி மழை பிடித்ததும் போனில் கூப்பிட்டு, “மழையா இருக்கே சார், இன்னைக்குப் போகட்டுமா?” என்று கேட்டார். கேட்டது அவர். நான் பதில்தான் சொன்னேன்.

“மண்ணு இளகியிருக்கும். தோண்ட லேசா இருக்கும்.”

பாறை இறங்கிய செய்தி வந்ததும் முதல் பல்லைத் தேய்த்துப் பொடியாக்கி, ஜன்னல் வழியே ஊதிவிட்டேன். அன்றுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அதுவும் நிலைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி வந்தார். அழவில்லை.

“அவர் கையை விரிக்கவே முடியல சார். உள்ள ஒரு பல்லு இருந்துச்சு. போலீஸ்ல வாங்கி வச்சிருக்காங்க. நீங்க கேட்டு வாங்கிப் பாருங்க. என் பேரு வேண்டாம், அவர் பேரை வச்சிடுங்க.”

எழுதிக்கொள்ளுங்கள். பாறை விழும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். விழ வேண்டும் என்றுதான் அனுப்பினேன். நீங்கள் என்னைச் சந்தேகப்படவில்லை, நானாக வந்து சொல்கிறேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

அந்தப் பல்லைக் கொஞ்சம் எடுத்து வரச் சொல்லுங்கள். வெறும் உறையில் போட்டு வைக்காதீர்கள், நுனி தேய்ந்துவிடும். வெளியூரிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டாம், ஆளுக்கொன்று சொல்வார்கள். நானே பார்த்து, புது மீன் என்று அவர் பெயரிலேயே எழுதித் தருகிறேன். பல் விஷயத்தில் நான் இதுவரை யாருக்காகவும் பொய் சொன்னதில்லை.