எல்லையம்மனிடம் பேர் சொல்லாத பாட்டில்

ஜின் பாட்டிலை முதலில் வாங்கினேனா, ஆலிவ் காயை முதலில் வாங்கினேனா என்று இப்போது சரியாக நினைவில்லை. இரண்டும் சென்னையில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே பையில் வந்தவை. ஆனாலும் மனம் ஏதோ ஒன்றை முன்னால் தள்ளப் பார்க்கிறது. இந்த வயதில் நினைவு நடந்ததை வைத்துக்கொள்வதில்லை. தனக்கு வசதியானதை வைத்துக்கொள்கிறது. ஆகவே கீழே எழுதியிருப்பதில் சில இடங்களில் வரிசை மாறியிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். கேட்டதும் ஒரே கேள்விதான். கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட்ட வினோத்குமாருக்குக் குடி எப்படித் திரும்பி வந்தது? வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

நான் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் பாரில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்று மானாம்பதியில் சொந்த வீட்டுக்கு வந்து புத்தகங்களோடு இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை கல்பனாவைப் பக்கத்தில் இருக்கிற பெருநகர் என்ற ஊரில் கொடுத்தோம். வினோத்குமார் அவள் கணவன். நெல் அறுக்கிற வண்டி ஓட்டுபவன், நல்ல வேலைக்காரன், குடித்தால் அடிப்பான். ஒருமுறை அவள் கை எலும்பு உடைந்தது. மகள் கீர்த்தியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருடம் இருந்தாள்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் காபியை மேசை மேல் வைத்துவிட்டுப் போவாள். நான் படித்துக்கொண்டிருப்பேன். கீர்த்தி பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். ஒரே வீட்டில் இருவர் பேசாமல், சண்டையும் இல்லாமல், நாளெல்லாம் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு வினோத்குமார் வந்தான். மெலிந்திருந்தான், கண் தெளிந்திருந்தது. எல்லையம்மன் கோயிலில் கயிறு கட்டப்போகிறேன், கட்டியதும் இவளை அனுப்புங்கள் என்றான். மச்சான்காரன் பக்கத்தில் நின்றால்தான் பூசாரி முனியன் கயிறு கட்டுவார். போனேன்.

கயிறு கட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. "இன்னா இன்னா வுடறேன்னு உன் வாயாலயே ஆத்தாகிட்ட சொல்லு நைனா," என்றார் முனியன். "நீ பேர் சொன்னதுதான் கட்டு. சொல்லாதது கட்டுல வராது."

வினோத்குமார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். பிராந்தி, ரம், விஸ்கி, ஓட்கா, பீர், கள், சாராயம்.

"இன்னாடா இது, கடைக்காரனே இத்தினி பேர் சொல்லமாட்டான்," என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். கல்பனாவும் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பெட்டி கட்டும்போதும் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனாள், சாப்பிட்டேன் என்றேன்.

அது தை மாதம். ஆடி வரை நான் ஒன்றும் செய்யவில்லை.

ஆடியில் அறுவடை வேலை குறைவு. ஞாயிறு சாயங்காலம் அவன் தோட்டத்துக் காய்கறியோ மீனோ கொண்டுவந்து கொடுப்பான். அந்த நேரம்தான் நான் எனக்காக ஒரு மார்ட்டினி, அதாவது ஜின்னில் செய்கிற ஒரு கலவை, கலப்பேன். குடித்துப் பார் என்று ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பழகுகிறவனுக்கு எந்த ஜின் என்று பாரில் பலர் கேட்டிருக்கிறார்கள். பூ வாசம், பழ வாசம் போட்ட புது வகைகள் வேண்டாம் என்பேன். பழைய லண்டன் முறையில் வடித்தது போதும். அதில் ஜூனிபர் என்ற காயும் கொத்துமல்லி விதையும் முன்னால் நிற்கும், தித்திப்பு இருக்காது. கிளாஸை முதலிலேயே ஃபிரீசரில் வைத்துவிட வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் பெரிய கட்டியாக ஐஸ் உறைய வேண்டும். சின்னக் கட்டி சீக்கிரம் கரைந்து கெடுத்துவிடும். ஐந்து பங்கு ஜின்னுக்கு ஒரு பங்கு வெர்மூத். வெர்மூத் என்பது மூலிகை போட்ட ஒயின்; திறந்தபின் ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியே வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. குலுக்கக்கூடாது. நீளக் கரண்டியால் மெதுவாக, பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்க்கும் வரை சுற்ற வேண்டும்.

அவனிடம் நான் கேட்டது, கொஞ்சம் கரண்டியைப் பிடி என்பது மட்டும்தான். வண்டி ஓட்டுகிற கை, அழகாகச் சுற்றினான். குனிந்து மோந்து பார்த்தான்.

"இன்னா மச்சான் இது, பெருமாள் கோயில் தீர்த்தம் மாரி கீது?"

நான் ஃபிரீசரிலிருந்து கிளாஸை எடுத்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எளிது. எதிரே இருப்பவர்களுக்குத்தான் அது தாங்காது. எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்புவார்கள். அடுத்தடுத்த ஞாயிறும் வந்தான், சுற்றினான், மோந்தான். ஆலிவைக் கடித்துப் பார்த்து, "த்தூ, இதுக்கு எங்க வூட்டு மாவடு எவ்ளோ மேல். அத்த எட்தாறேன்," என்றான். கொண்டும் வந்தான். உப்புநீரில் கிடந்த மாவடு உண்மையில் நன்றாகவே பொருந்தியது. அப்படி ஒரு சாயங்காலம், கரண்டியை வைத்துவிட்டு அவனாகவே கேட்டான்.

"மச்சான், நான் ஆத்தாகிட்ட சொன்னதுல இது வரலியே?"

ஒரு மாவடுவை எடுத்துக் கிளாஸில் போட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அதுல இது இல்ல," என்றேன்.

அது பொய்யில்லை. வேறொரு ஊர்க்காரனாக இருந்தால் குடி என்றால் எல்லாம் குடிதானே என்று நினைத்திருப்பான். இந்தப் பக்கத்துக்காரர்கள் வாயால் சொன்ன பேருக்குக் கட்டுப்பட்டவர்கள். அது ஒரு நேர்மை. அவனிடம் அந்த நேர்மை நிறைய இருந்தது. அன்று ஒரு கிளாஸ், சின்னது. மெதுவாகக் குடித்தான். கல்பனாவைப் பற்றி நல்லபடியாகப் பேசினான்.

ஆவணி கடைசியில் ஒரு பாட்டில் ஜின், ஒரு வெர்மூத், இரண்டு கிளாஸ் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் வைத்து அவனுக்குக் கொடுத்தேன். வீட்டிலேயே கலந்துகொள், அளவை மாற்றாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்த வாரம் கல்பனா போன் செய்தாள்.

"ண்ணா, அது இன்னாண்ணா பாட்டிலு? நீ குட்த்த மர்ந்துன்னு சொல்லிக்கினு கீறாரு. எனுக்கு பயமா கீதுண்ணா. நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

"நான் பாத்துக்கறேம்மா," என்றேன்.

புரட்டாசியில் பெருநகர் போனேன். மீன் குழம்பு வைத்திருந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். வெர்மூத் பாட்டிலின் மூடி உடைக்கப்படவே இல்லை. ஜின்னில் அடியில் ஒரு விரல்தான் மிச்சம். கிளாஸ்களில் கீர்த்தி பேனா போட்டு வைத்திருந்தாள். அவன் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொள்கிறான் என்று தெரிந்தது. தொழில் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பாட்டில் தீர்ந்ததும் உத்திரமேரூர் கடையிலிருந்து பிராந்தி வரும். ஒரு வார்த்தை சொல்ல அதுதான் சமயம். கல்பனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

அவள் திரும்பி வருவாள் என்று எதிர்பார்த்தேன். ஓர் அடியோடு, அல்லது ஒரு சண்டையோடு. அறையைப் பெருக்கி, கட்டிலில் புது விரிப்பு போட்டு வைத்திருந்தேன்.

ஐப்பசியில் அந்தச் சாயங்காலம் அவள் என்னைக் கூப்பிட்டாள். உங்களிடம் அழைப்பு விவரம் இருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. போன் மேசை மேல் அதிர்ந்தது. நான் அப்போது கலந்துகொண்டிருந்தேன். நடுவில் விட்டால் ஐஸ் கரைந்துவிடும், மொத்தமும் வீணாகும். திரும்பவும் அதிர்ந்தது. அவளே கிளம்பி வரட்டும் என்று நினைத்தேன். நான் போய் அழைத்து வந்தால் மறுபடி போய்விடுவாள். தானே வந்தால் இருப்பாள். மூன்றாவது முறை அது அதிரவில்லை. அந்த நேரத்தில்தான் வினோத்குமார் கையிலிருந்த வண்டியின் பெரிய ஸ்பானர் அவள் தலையில் விழுந்தது என்று பிறகு நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கோயிலில் அவன் சொல்லி முடித்ததும் முனியன் என் பக்கம் திரும்பினார். மச்சான்காரன் நிற்பது அதற்காகத்தான். "உனுக்குத்தான் எல்லாப் பேரும் தெரியுமே நைனா. எதுனா வுட்டுட்டானா?" என்று கேட்டார். நான் சொல்கிற பேரையும் சேர்த்துக் கயிறு கட்டியிருப்பார். கல்பனா கைகூப்பியபடி என்னைப் பார்த்தாள். "இல்ல, அவ்வளவுதான்," என்றேன். ஜின் பாட்டில் அதற்கு முந்தின வாரமே என் வீட்டு அலமாரியில் இருந்தது. ஆலிவும் பக்கத்திலேயே இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

வினோத்குமார் சிறையில் இருக்கிறான். கையில் அந்தக் கயிறு இன்னும் இருப்பதாகச் சொல்கிறார்கள்; அதை மீறவில்லை, பிராந்தி வரும்வரை மீறவில்லை என்று அழுகிறானாம். முனியன் இப்போது பேர் தெரிந்தது, பேர் தெரியாதது, இனிமேல் வரப்போவது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வைக்கிறார். கீர்த்தி அவள் அத்தை வீட்டில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

கல்பனா என் வீட்டில் இருக்கிறாள். இரண்டு காதும் கேட்பதில்லை. பேச முடியும் என்கிறார் டாக்டர், ஆனால் பேசுவதில்லை. இதை எழுதி மேசை மேல் வைத்திருந்தேன். வந்து நின்று பார்த்தாள். எவ்வளவு படித்தாள் என்று தெரியாது. காபி டம்ளரை அதன் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். முதல் பக்கத்தில் உள்ள கறை அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கிறது. அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.