கண்ணோரத்து ஈ

ஹலோ... ஆதிராவா? பொன்னம்மை சித்தி பேசுகேன் பிள்ளே... ஆமா, ஆமா, காலம்பறயே உனக்க காலேஜுக்கு வந்து நீ வரைஞ்ச படத்தப் பாத்துட்டோம். பக்கத்து வீட்டு லீலாபாயும் கூட வந்தா... நல்லாத்தான் இருக்கு. உனக்க சித்தப்பா சாய்வுக் கசேரியில கெடந்து ஒறங்குக மாதிரியேதான்...

இல்ல, அழல்ல. அவ்வொ போயி நாலு மாசமாச்சு, எனக்கு அழுகையே வரமாட்டேங்கு.

ஒரே ஒரு காரியம். அந்த ஈ... ஆமா, கண்ணோரத்துல இருக்கே, அதுதான். லீலாபாய் நெச ஈன்னு முந்தானைய வீசிட்டா. வாட்ச்மேன் 'தொடல்லே அம்மே'ன்னு ஓடி வந்தான்... சிரிக்காத. அத அழிச்சிரு. நாளைக்கு சித்தப்பாக்க கூட்டாளிங்க, சாலைக் கடைக்காரங்க எல்லாம் பாக்க வாறாவ. ஒரு மனுசன் மொகத்துல ஈயவா...

என்னது?... பழைய வெள்ளைக்காரன் படத்துல எல்லாம் ஈ வச்சா... ம்... ம்... சாவுக்கு அடையாளமா? அது அவனுக்க ஊருல. நீ எதுக்கு...

நீயா வைக்கல்லியா? பின்னே?

நான் அனுப்புன போட்டோவிலயா? அதுல ஏது ஈ? அவ்வொ போன அன்னைக்கு நாலு மணிக்கு, மடியில பேப்பரோட ஒறங்குனத எடுத்து, 'பேப்பர் வாசிக்க அழகப் பாருங்க'ன்னு குரூப்புல போட்டேனே, அதுதானே... பெரிசாக்கிப் பாத்தா தெரியுமா... ஓ.

ஆமா, மூணு படம் எடுத்தேன்... மூணுலயுமா?

ஒரே எடத்துலயா?

...



பிள்ளே, அவ்வொ ஈய சகிக்கமாட்டாவ. நல்ல ஒறக்கத்துலயும் கை தன்னால பொங்கி ஈய வெரட்டும்... நீ ஒண்ணும் சொல்லாண்டாம். மன்னிப்பெல்லாம் எதுக்கு? கண்டத வரைஞ்ச.

டாக்டர் கேட்டாரு, கடைசியா எப்பம் நல்லா இருந்தாருன்னு. நாலு மணிக்கு நல்லா ஒறங்குனாவன்னு சொன்னேன். எல்லார்ட்டயும் அதத்தான் சொல்லுகேன்... ஆமா, ஆறு மணிக்கு சாயா கொண்டு போனப்பதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அடுக்களையில நின்னு உளுந்து அரைச்சேன். கிரைண்டர் சத்தத்துல முழிச்சிருவாவளோன்னு கதவ வேற சாத்திக்கிட்டு.

பக்கத்துல போகல்ல, கேட்டியா. ஒறக்கம் கெடண்டாம்னு வாசல்ல நின்னே எடுத்தேன்.

ம்... ம்...

அழிக்காண்டாம். கெடக்கட்டும்... ஆமா, நெசமாத்தான் சொல்லுகேன். ஆனா நாளைக்கு யாராவது கேட்டா, போட்டோவில உள்ளதுன்னு சொல்லிராத. அந்த வெள்ளைக்காரன் கதையச் சொல்லு... சரி... சரி.

குக்கர் கூவுகு. வைக்கேன்.